கொல்லிமலையின் 70 வளைவுகள்... காரை இறுக்குவதா, இதமாக்குவதா?

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வந்தால் காரவள்ளி வரை சாலை சமர்த்தாகத்தான் இருக்கும். ஒருபக்கம் மரவள்ளி, இன்னொரு பக்கம் பாக்குத் தோப்பு, நடுநடுவே கோழிப்பண்ணைகள். காரவள்ளியைத் தாண்டியதும் மலை எழுந்து நிற்கிறது. முதல் பலகை கண்ணில் படுகிறது: கொண்டை ஊசி வளைவு, எண் 1.

மொத்தம் 70. வால்பாறைக்கு 40, ஊட்டி கல்லட்டிக்கு 36 என்று பெருமை பேசுபவர்கள்கூட கொல்லிமலை என்றதும் கொஞ்சம் அடக்கி வாசிப்பார்கள். ஒரு வளைவில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து நிமிர்த்துவதற்குள் அடுத்தது வந்துவிடும். சில இடங்களில் மேலே பார்த்தால் தலைக்கு மேல் இன்னொரு பேருந்து எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கும். அதுவும் இதே சாலைதான்!

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள், ஆகாய கங்கை அருவிக்குப் போகிறவர்கள், ஆடிப்பெருக்கை ஒட்டி நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்குப் போகிறவர்கள், மிளகும் அன்னாசியும் ஏற்றிவரப் போகும் வேன்காரர்கள், எதற்குமே போகாமல் வளைவுகளுக்காக மட்டும் வரும் பைக் பையன்கள் என எல்லோருக்கும் இதே பாதை. இவர்களில் அதிகம் அவதிப்படுவது யார் தெரியுமா? பின் சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய சாமான் என்று காரில் வரும் குடும்பங்கள்தான். பத்தாவது வளைவுக்குள் பிளாஸ்டிக் கவர் தேடும் படலம் ஆரம்பித்துவிடும்.

கார் ரொம்பச் சாய்கிறது, குலுங்குகிறது, வயிற்றைப் புரட்டுகிறது... ஸ்பிரிங்கை மாற்றினால் சரியாகிவிடுமா? கீழே இறங்கியதும் பலருக்கு வருகிற கேள்வி இது. சந்தையில் அதற்கான பொருள்களும் விதவிதமாகக் கிடைக்கின்றன. காரை இறக்கும் ஸ்பிரிங், ஏற்றும் ஸ்பேசர், சுருளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர், குமிழைத் திருகி இறுக்கும் செட் என்று பட்டியல் நீளம். எதை வாங்குவது என்பதற்கு முன், எதற்காக வாங்குகிறோம் என்று கேட்டுக்கொள்ள நாமக்கல்லை விடப் பொருத்தமான ஊர் இல்லை.

காலி லாரி குதிக்கும், லோடு லாரி மிதக்கும்

நாமக்கல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஆஞ்சநேயரும் முட்டையும் ஞாபகத்துக்கு வரும். ஆனால், ஊரின் முதுகெலும்பு லாரி. இந்தியா முழுக்க ஓடும் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் இங்கே வரிசையாக இருக்கின்றன. கேஸ் டேங்கர் லாரிகளுக்கும் இதுதான் தாய்வீடு. கூண்டு இருக்கும் இடத்தில் ஸ்பிரிங் பட்டறையும் இருக்கும். வளைந்த இரும்பு பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் போல்ட் போட்டு முடுக்குகிற வேலை. எத்தனை பிளேட், எவ்வளவு வளைவு என்பது அந்த லாரி எவ்வளவு எடை சுமக்கப் போகிறது என்பதைப் பொறுத்தது.

லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரிக்குப் பின்னால் போனவர்களுக்குத் தெரியும். சின்னக் குழியில்கூட பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். சங்கிலிகள் எல்லாம் கலகலவென்று சத்தம் போடும். அதே லாரி முழு லோடுடன் வரும்போது அதே குழியை அலட்டிக்கொள்ளாமல் கடந்துபோகும். ஸ்பிரிங் மாறவில்லை. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் எடைதான் மாறியிருக்கிறது. ஸ்பிரிங் என்பது ஓர் எடைக்கு ஏற்பச் செய்யப்படுவது. எடை குறைந்தால் அதே ஸ்பிரிங் இறுகிப்போனதுபோல நடந்துகொள்ளும். கூடினால் தளர்ந்ததுபோல நடந்துகொள்ளும்.

கார் கம்பெனிகளுக்கு உள்ள தலைவலியும் இதுதான். திங்கள் முதல் வெள்ளி வரை ஒருவர் மட்டும் அலுவலகம் போகிறார். ஞாயிற்றுக்கிழமை அதே காரில் ஐந்து பேர், இரண்டு பெட்டி, ஒரு தண்ணீர் கேன். ஏறுகிற கூடுதல் எடையில் பெரும்பங்கு பின் சக்கரங்களின் மேல்தான் விழும். இரண்டு நாளுக்கும் ஒரே ஸ்பிரிங்தான். ஆகவே, கம்பெனி ஒரு நடுவழியைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. வெளிச்சந்தையில் ஸ்பிரிங் வாங்குகிறவர் அந்த நடுவழியில் இருந்து தன் விருப்பப்படி ஒரு பக்கம் நகர்கிறார். எந்தப் பக்கம் நகர்கிறோம், பதிலுக்கு எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து நகர்ந்தால் பிரச்னை இல்லை.

அம்மாயி முதுகும் தம்பியின் ஆசையும்

ராசிபுரம் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் கதையைப் பார்த்தால் இது புரியும். எட்டு வயதான சின்ன கார். அறப்பளீஸ்வரருக்கு ஒரு வேண்டுதல் பாக்கி. போன முறை மலையேறியபோது கடைக்குட்டி நான்கு தடவை வாந்தி. அம்மாயிக்கு இடுப்பில் பழைய வலி. இறங்கி வந்து மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. இன்னொரு விஷயத்தை அப்பா யாரிடமும் சொல்லவில்லை. இறக்கத்தில் ஒரு வளைவில், நடுவே இருந்த குழியில் சக்கரம் விழுந்ததும் காரின் பின்பக்கம் ஒரு முழம் வெளியே தள்ளிக்கொண்டு போனது. எதிரே பேருந்து வராததால் தப்பித்தார்கள்.

கல்லூரியில் படிக்கும் மூத்தவனுக்கு ஒரே யோசனைதான். காரை இரண்டு இன்ச் இறக்கும் ஸ்பிரிங் போட வேண்டும். சாயாது, ஒட்டிக்கொண்டு போகும், பார்க்கவும் கெத்தாக இருக்கும். அப்பாவுக்கு நேர் எதிரான யோசனை. மலையில் கல் தட்டுகிறது, அதனால் பஃபர் போட்டு ஏற்ற வேண்டும். அம்மாவுக்கு இரண்டிலும் அக்கறை இல்லை. "எங்கம்மா வலியில்லாம போயிட்டு வந்தாப் போதும்" என்றுவிட்டார்.

நாமக்கல்லில் பட்டறைக்காரர் காரை ஜாக்கியில் தூக்கிப் பார்த்தார். பின்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டிலும் எண்ணெய் கசிந்து, மேலே புழுதி அப்பியிருந்தது. முன்பக்கம் மேல் மவுண்ட் ரப்பர் வெடித்திருந்தது. கீழ் ஆர்ம் புஷ் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன.

"ஸ்பிரிங் மாத்துனா கார் சாயாதுங்களாண்ணா?" என்று பையன் கேட்டான்.

"சாயறது கொறையும் தம்பி. ஆனா ஷாக்கு செத்துக் கெடக்குது. இதும்மேல டைட்டு ஸ்பிரிங்க போட்டா வண்டி பந்து மாதிரி குதிக்கும். உங்க அம்மாயியக் கூட்டிட்டுப் போவ முடியாது."

ஸ்பிரிங் தாங்கும், ஷாக் அடக்கும்

சஸ்பென்ஷன் என்றாலே பலர் மனதில் வருவது ஸ்பிரிங். உண்மையில், காரின் எடையைத் தாங்குவதும், மேடு பள்ளத்தை விழுங்குவதும்தான் ஸ்பிரிங்கின் வேலை. விழுங்கியதை அது வைத்துக்கொள்ளாது. அமுங்கிய ஸ்பிரிங் திருப்பித் தள்ளும், மறுபடி அமுங்கும், மறுபடி தள்ளும். இதை நிறுத்த ஒருவர் வேண்டும். அவர்தான் ஷாக் அப்சார்பர். ஒரு குழாய், உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் சின்னத் துளைகளும் வால்வுகளும் உள்ள பிஸ்டன். சக்கரம் ஆடும்போது எண்ணெய் துளை வழியாக நெருக்கிப் பாய்கிறது. ஆட்டம் வெப்பமாக மாறிக் கரைகிறது. மோசமான சாலையில் நீண்ட தூரம் போனபின் ஷாக் அப்சார்பரைத் தொட்டால் சுடுவதன் காரணம் அதுதான்.

வளைவில் கார் சாய்வதைக் குறைக்க மூன்றாவதாக ஒரு ஆள் உண்டு: இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி-ரோல் பார் என்கிற வளைந்த கம்பி. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சாலையைத் தொடுகிற முதல் ஸ்பிரிங் எது? டயருக்குள் இருக்கும் காற்று. அதை யாரும் சஸ்பென்ஷன் கணக்கில் சேர்ப்பதே இல்லை!

சரி, இதம் என்பதை எப்படி அளப்பது? ஒரு சாதாரண குடும்பக் கார் அதன் ஸ்பிரிங் மேல் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை தடவை ஆடும்படி அமைக்கப்படுகிறது. நடையின் தாளத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் உடம்பு இதை எளிதாக ஏற்றுக்கொள்கிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேல்-கீழ் அதிர்வில் அதிகம் அவதிப்படுவது நொடிக்கு நான்கு முதல் எட்டு தடவை ஆட்டத்தில்தான். முதுகும் வயிறும் அந்த வேகத்தில் கூடச் சேர்ந்து அதிரும். ஸ்பிரிங்கை இறுக்க இறுக்க, சாலையின் சின்னச் சின்ன அதிர்வுகள் வடிகட்டப்படாமல் அந்த எல்லைக்குள் நேராக சீட்டுக்கு வந்துசேரும். அம்மாயியின் இடுப்பு வலி இந்தக் கணக்கில்தான் வருகிறது.

வாந்தி? அது வேறு கணக்கு. வயிற்றைப் புரட்டுவது வேகமான குலுக்கல் அல்ல. மிக மெதுவான ஆட்டம். ஐந்து நொடிக்கு ஒரு தடவை என்ற அளவில் ஆடும் தாலாட்டுதான் மனிதர்களை அதிகம் படுத்துகிறது. கப்பலில் குமட்டுவதும் இதனால்தான். கொல்லிமலையில் இடது ஒடிப்பு, வலது ஒடிப்பு, பிரேக், ஆக்ஸிலரேட்டர் என்று கார் மெதுவாக ஊசலாடுகிறது. அதை எந்த ஸ்பிரிங்கும் தடுக்க முடியாது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவரால்தான் முடியும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 10 மீட்டர் ஆரம் உள்ள வளைவை 20 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால், உடலைப் பக்கவாட்டில் தள்ளும் விசை உங்கள் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அதே வளைவை 30-ல் எடுத்தால்? விசை ஒன்றரை மடங்காகாது, இரண்டேகால் மடங்காகும். எடையில் முக்கால் பங்கை நெருங்கிவிடும். வேகமானி முள்ளில் சின்ன அசைவுதான். வெளிச்சந்தையில் கிடைக்கும் எந்த செட்டும் பின் சீட்டுக்காரர்களுக்கு அந்த 10 கிலோமீட்டர் தரும் நிம்மதியைத் தராது.

இறுக்கமான கார் ஏன் வழுக்குகிறது?

பந்தயக் கார்கள் இறுக்கமாக இருக்கின்றன, ஆகவே இறுக்கமாக இருந்தால் ரோட்டைப் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை. பந்தயப் பாதை கண்ணாடி மாதிரி இருக்கும் என்பதை மறந்துவிட்டுச் சொல்வது அது.

மலைச்சாலையில் ஒட்டுப்போட்ட தார், மழை அரித்த விளிம்பு, வளைவுக்கு நடுவே கல் பெயர்ந்த குழி எல்லாம் இருக்கும். சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் பிடிப்பு. குழி வந்தால் சக்கரம் மட்டும் இறங்கி ஏற வேண்டும், கார் உடல் தன் பாட்டுக்குப் போக வேண்டும். ரொம்ப இறுக்கினால் சக்கரம் இறங்குவதற்குள் கார் அதைத் தாண்டிவிடும். அந்த ஒரு கணம் டயர் காற்றில் இருக்கும், அல்லது பேருக்குத் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். நேர்ச்சாலையில் இது வெறும் 'டக்' என்ற சத்தம். வளைவில், பிரேக்கில் கால் இருக்கும்போது, இது வழுக்கல்.

ஷாக் அப்சார்பர் செத்துப்போன காரிலும் அதேதான் நடக்கும், வேறு வழியில். குழியில் விழுந்து எழுந்த சக்கரத்தை அடக்க ஆள் இல்லாததால் அது தரையில் தத்திக்கொண்டே போகும். அப்பா அன்று இறக்கத்தில் பார்த்தது இதைத்தான். சொகுசும் போய், பிடிப்பும் போன நிலை. இந்த இரண்டும் எப்போதும் எதிரெதிர்த் தட்டில் இருப்பதாக நினைக்கிறோம். தேய்ந்த காரில் இரண்டும் சேர்ந்தே குறைகின்றன. ஆகவே சேர்ந்தே திரும்பவும் வரும்.

ஏற்றத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கொண்டை ஊசியின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் செங்குத்து. முன்சக்கரம் இழுக்கும் கார் அதில் ஏறும்போது எடை பின்னாலும் வெளியிலும் போய்விடும். உள்பக்க முன்சக்கரம் லேசாகி 'கிர்ர்ர்' என்று சும்மா சுற்றும், ரப்பர் வாடை அடிக்கும். தடிமனான ஆன்டி-ரோல் பார் போட்டவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கம்பி இறுக்கமாக இருந்தால் அந்தச் சக்கரம் தனியாகக் கீழே இறங்கித் தரையைத் தேட முடியாது. சமவெளி பைபாஸில் அருமையாக இருந்த செட்டிங், 30-வது வளைவில் காலை வாரும்.

கடையில் கிடைப்பவை: யாருக்கு எது?

முதலில் பஃபர். சுருள் ஸ்பிரிங்கின் இரண்டு வளையங்களுக்கு நடுவே செருகும் வளையம். விலை குறைவு, பத்து நிமிட வேலை, ஸ்பிரிங்கைக் கழற்றக்கூட வேண்டாம். அதனால் அமோக விற்பனை. இது என்ன செய்கிறது? ஒரு ஸ்பிரிங்கில் வேலை செய்யும் வளையங்கள் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பஃபர் ஒன்றைப் பூட்டிவிட்டால் மிச்சம் ஐந்து. ஸ்பிரிங் 20 சதவிகிதம் இறுகிவிடும். ஆனால், ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்கு அளவெடுத்துத் தைத்தது. அதற்குப் புது இறுக்கத்தை அடக்கத் தெரியாது. எப்போதும் முழு லோடுடன் ஓடி, பின்பக்கம் தொங்குகிற கார் என்றால் ஓரளவு உதவும். தனி ஆளாக ஓட்டுகிறவருக்குத் தூக்கிப்போடும் காலி லாரிதான் மிஞ்சும்.

அடுத்தது, இறக்கும் ஸ்பிரிங். நல்ல கம்பெனி தயாரிப்பும் உண்டு, பழைய ஸ்பிரிங்கையே வெட்டிக் குட்டையாக்கும் கொடுமையும் உண்டு. வெட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். நல்ல ஸ்பிரிங்காக இருந்தாலும், பழைய ஷாக் அப்சார்பரோடு போட்டால் சக்கரம் மேலே போக இருக்கும் இடம் குறைந்துவிடும். ஐந்து பேர் ஏறியதும் கார் கிட்டத்தட்ட பம்ப் ஸ்டாப் ரப்பர் மேலேயே உட்கார்ந்துவிடும். வளைவுக்கு நடுவே ஒரு மேடு வந்தால், ஸ்பிரிங் வேலை முடிந்து ரப்பர் மோதும். அந்த இடத்தில் இறுக்கம் சட்டென்று எகிறும், பிடிப்பு சட்டென்று போகும். இப்படி முன்னறிவிப்பில்லாமல் நடப்பதுதான் ஆபத்து. கொல்லிமலைக் கிராமங்களின் வேகத்தடைகளில் அடிவயிறு உரசுவது தனிக்கதை.

ஏற்றும் ஸ்பேசர், எஸ்.யூ.வி. பிரியர்களின் செல்லம். தரை இடைவெளி கூடும்தான். கூடவே காரின் எடை மையமும் உயரும், சாய்வு கூடும். டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகள் கோணல் கூடி வேலை செய்யும். சக்கரக் கோணமும் மாறும். அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் டயரின் ஒரு ஓரம் மட்டும் மொட்டையாகும்.

காயில்ஓவர் என்று ஒரு ரகம். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இரண்டும் சேர்ந்தே வரும், உயரத்தையும் சில வகைகளில் இறுக்கத்தையும் மாற்றிக்கொள்ளலாம். ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்துச் செய்தது என்பதால் கோட்பாட்டளவில் இதுவே சரியான வழி. விலைதான் தலை சுற்றும். இன்னொரு சிக்கல், குமிழ் இருந்தால் மனிதக் கை சும்மா இருக்காது. கடைசி வரை திருகி வைத்துவிட்டு, "செம டைட்டா இருக்கு மச்சி" என்று ஓட்டுகிறவர்களே அதிகம்.

இவ்வளவு கூட்டத்தில் அதிகம் பேசப்படாத பொருள் ஒன்று இருக்கிறது. பழைய ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு, தரமான புது ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றுவது. கம்பெனி தந்த அதே அளவிலும் போடலாம். இன்னும் கட்டுப்பாடு வேண்டும் என்பவர்களுக்கு அதே ஸ்பிரிங்குக்கு ஏற்ற மேம்பட்ட ரகங்களும் உண்டு. ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனத்தில் இதற்கென்றே இரண்டு வகை பிரித்திருக்கிறார்கள்: பி6 பழைய ஸ்பிரிங்குக்கு, பி8 இறக்கிய ஸ்பிரிங்குக்கு. நம் ஊர்ச் சின்ன கார்கள் எல்லாவற்றுக்கும் இப்படிக் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை. எட்டு வருடம் ஓடிய காருக்குப் புது ஷாக் அப்சார்பர், மவுண்ட், புஷ் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே பெரிய 'அப்கிரேடு'தான். தேய்மானம் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால், ஓட்டுகிறவருக்கு அது தெரிவதே இல்லை. அவர் உடம்பும் சேர்ந்து பழகிவிடுகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். காரின் ஒரு மூலையைக் கையால் பலமாக அமுக்கி விடுங்கள். ஒரு தடவை எழுந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. இரண்டு, மூன்று தடவை ஆடினால் பட்டறைக்குப் போகும் நேரம். டயரைத் தடவிப் பார்க்கும்போது அலை அலையாகத் தேய்ந்திருந்தாலும் அதே அர்த்தம்தான். நான்கு மூலையும் பரவாயில்லை என்பதற்காக ஷாக் அப்சார்பர் நன்றாக இருக்கிறது என்று சத்தியம் செய்துவிட முடியாது; எண்ணெய்க் கசிவையும் குனிந்து பார்த்துவிடுங்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதில் இருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே அளவில் புதிது போடுவது பராமரிப்பு. காரின் உயரத்தையே மாற்றுவது வேறு விஷயம். விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் வரும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

எண்ணிக்கொண்டே ஏறினார்கள்

ராசிபுரத்துக் குடும்பம் கடைசியில் பட்டறைக்காரர் சொன்னதையே கேட்டது. நான்கு ஷாக் அப்சார்பர், முன்பக்க மவுண்ட், ஆர்ம் புஷ், பிறகு அலைன்மென்ட். ஸ்பிரிங் பழையதுதான். மேலே சும்மா கிடந்த கேரியரையும் கழற்றிவிட்டார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரைக் காட்டி, "ரெண்டு பேருக்கு ஒரு காத்து, அஞ்சு பேருக்கு ஒரு காத்து போட்டிருக்குது பாருங்க. மலைக்குப் போறன்னிக்கு இதப் பாத்து அடிச்சுக்கங்க" என்று சொல்லி அனுப்பினார். எட்டு வருடத்தில் அந்த ஸ்டிக்கரை அவர்கள் வீட்டில் யாரும் படித்ததில்லை.

அம்மாயிக்கு முன்சீட். பின்சீட் பின் அச்சுக்கு அருகில் இருப்பதால் குலுக்கல் அங்கேதான் அதிகம். முன்சீட் நான்கு சக்கரத்துக்கும் நடுவே வருவதால் இதம். மூத்தவனின் முகம் தொங்கிப்போனது.

கார் சாயவில்லையா? சாய்ந்தது. முன்பு போலவே சாய்ந்தது. ஆனால், ஒரு தடவை சாய்ந்து, அப்படியே நின்று, வளைவு முடிந்ததும் ஒரு தடவை நிமிர்ந்தது. முன்பெல்லாம் நிமிர்ந்த பிறகும் இரண்டு ஆட்டம் போடும். அந்த இரண்டு ஆட்டம் இல்லாமல் போனதே பெரிய மாற்றம். குழிகளில் 'தொம்' என்ற சத்தம் 'டப்' என்று சின்னதாகிவிட்டது. அப்பா 20-க்கு மேல் எடுக்கவில்லை. ஏறுகிற வண்டிக்குத்தான் மலையில் முதல் உரிமை என்றாலும், பேருந்து ஹாரன் கேட்டால் ஒதுங்கி நின்றார்.

கடைக்குட்டி 43-வது வளைவில் வாந்தி எடுத்தான். ஒரு தடவைதான். போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. போனைப் பிடுங்கிவிட்டு, முன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே வளைவுப் பலகைகளை எண்ணச் சொன்னார்கள். 70 வரை எண்ணினான்.

மேலே சோளக்காடு வந்ததும் காற்று மாறுகிறது. மிளகுக்கொடி ஏறிய மரங்கள், காப்பிச் செடி, பலா, இடையிடையே சாமை வயல். கடல் மட்டத்தில் இருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் வந்துவிட்டோம் என்பது தோலுக்குத் தெரியும். செம்மேட்டில் வில்லோடு நிற்கும் வல்வில் ஓரியைப் பார்த்துவிட்டு, அறப்பளீஸ்வரர் கோயில் வரை ஏற்ற இறக்கமான சின்னச் சாலை. இங்கேதான் வேகத்தடைகளும் ஊர்களும் மாறி மாறி வரும். இறக்கிய ஸ்பிரிங் போட்ட கார்கள் குறுக்காகச் சாய்ந்து, அங்குலம் அங்குலமாக வேகத்தடை ஏறுவதை மூத்தவன் இரண்டு இடத்தில் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

கோயிலில் வேண்டுதல் முடிந்தது. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். ஏறியும் வர வேண்டும். அதற்கு எந்தக் கடையிலும் ஷாக் அப்சார்பர் விற்பதில்லை என்பதால் அம்மாயி கோயில் நிழலிலேயே உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் நனைந்து, மூச்சு வாங்கித் திரும்பினார்கள்.

இறக்கத்தில்தான் இருக்கிறது சோதனை

திரும்பும்போது சந்தையில் இரண்டு பலாப்பழம், ஒரு தார் மலைவாழை, அரை மூட்டை அன்னாசி. எல்லாம் டிக்கிக்குள். கொல்லிமலைக்குப் போய்விட்டு வெறும் டிக்கியோடு இறங்குகிற குடும்பம் கிடையாது. சஸ்பென்ஷனுக்கு உண்மையான பரீட்சை இந்த நேரத்தில்தான். பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் நிமிர்ந்து, இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை முழுவதும் முன்னால் பாயும். புது ஷாக் அப்சார்பர் அந்தப் பாய்ச்சலை மெதுவாக்கும், இல்லாமல் செய்யாது. முதல், இரண்டாவது கியரில் இறங்கினால் பிரேக்குக்கும் ஓய்வு கிடைக்கும். பிரேக் சூடேறிப் பிடிப்பு குறைந்தால், எவ்வளவு விலை உயர்ந்த காயில்ஓவரும் காப்பாற்றாது.

கனமான பொருளைப் பின்சீட்டின் முதுகை ஒட்டி, தரையோடு வைக்க வேண்டும். டிக்கியின் கடைசி விளிம்பில் வைத்தால் அச்சுக்கு வெளியே தொங்கி, ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கத்தை ஊஞ்சல் ஆட்டும். அம்மா பலாப்பழத்தை இடம் மாற்றி வைத்து, நடுவே துண்டைச் சுருட்டிச் செருகினார்.

பாதி மலை இறங்குவதற்குள் இருட்டிவிட்டது. எதிரே ஏறி வந்த வேன்காரர் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டார். டிம்மில்தான் போகிறோம், ஏன் திட்டுகிறார் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. மூத்தவனுக்குத்தான் பொறி தட்டியது. பின்பக்க லோடில் காரின் மூக்கு நிமிர்ந்து, வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணுக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்குக்கு வலது பக்கம், 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னச் சக்கரம் ஒன்று பல கார்களில் இருக்கும். எதற்கென்று தெரியாமலேயே பலர் காரை விற்றும் விடுவார்கள். லோடுக்கு ஏற்ப ஹெட்லைட்டைக் கீழே இறக்க வைத்திருப்பது அது.

கையை நீட்டி அதை 2-ல் வைத்தான். வெளிச்சம் மரக்கிளைகளில் இருந்து இறங்கி, 31-வது வளைவின் தார்ச்சாலையில் விழுந்தது.